பெங்களூருவில் நர்ஸிங்: பி.எஸ்சி-யா, ஜி.என்.எம்-மா? ஃபீஸ் கட்டும் முன் ஒரு கணக்கு

ஊரிலிருந்து தங்கச்சி போன் செய்து, "பெங்களூருல நர்ஸிங் சீட் இருக்காம், சேரலாமா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? காலேஜ் பெயரைக் கேட்பதற்கு முன், எந்தப் படிப்பு என்று கேளுங்கள்.

என்னென்ன வழிகள்?

பி.எஸ்சி நர்ஸிங்: 4 ஆண்டுகள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியலோடு ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். பொதுப் பிரிவினருக்கு அறிவியல் பாடங்களில் 45% வேண்டும்.

ஜி.என்.எம்: 3 ஆண்டு டிப்ளமோ. ஆர்ட்ஸ், காமர்ஸ் படித்தவர்களும் சேரலாம்.

போஸ்ட் பேசிக் பி.எஸ்சி: ஜி.என்.எம் முடித்துப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும். 2 ஆண்டுகள்.

எது லாபம்?

எம்.எஸ்சி 2 ஆண்டுகள். அதில் சேர 1 ஆண்டு பணி அனுபவமும் தேவை. பி.எஸ்சி வழியாகப் போனால் 4+1+2, மொத்தம் 7 ஆண்டுகள். ஜி.என்.எம் வழியாகப் போனால் 3+2+1+2, அதாவது 8. வித்தியாசம் ஒரே வருஷம்தான். வீட்டுக்குச் சீக்கிரம் சம்பளம் வேணும்னா ஜி.என்.எம் மோசமான வழி இல்லை.

ஆனால் எய்ம்ஸ் நர்ஸிங் ஆஃபீஸர் வேலைக்கு பி.எஸ்சி முடித்துப் பதிவு செய்தவர் உடனே விண்ணப்பிக்கலாம். ஜி.என்.எம் படித்தவருக்கு, குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் 2 ஆண்டு அனுபவம் வேண்டும்.

காலேஜில் என்ன கேட்கணும்?

1. சர்டிஃபிகேட் யார் தருவார்கள்? பெங்களூருவின் பெரும்பாலான பி.எஸ்சி கல்லூரிகள் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. நிம்ஹான்ஸ் தானே பட்டம் தருகிறது. ஜி.என்.எம்-க்குத் தனித் தேர்வு வாரியம் இருக்கிறது.

2. பதிவு கிடைக்குமா? பட்டம் மட்டும் போதாது. கர்நாடக மாநில நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் நர்ஸ். 'நர்ஸிங் அசிஸ்டென்ட்', 'ஹோம் நர்ஸிங்' போன்ற குறுகிய கால சர்டிஃபிகேட்டுகளுக்கு அந்தப் பதிவு கிடைக்காது. தமிழ்நாட்டுக்குத் திரும்பி வேலை பார்க்க, இங்குள்ள கவுன்சிலில் தடையில்லாச் சான்று வாங்கி அங்கே பதிய வேண்டும்.

3. இந்திய நர்ஸிங் கவுன்சில் பட்டியலில் இருக்கிறதா? இந்த அங்கீகாரம் கட்டாயமா என்பது 2017-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் வரை போன வழக்கு. வெளிமாநில வேலையோ கல்விக் கடனோ மனசில் இருந்தால் இதை விடாதீர்கள்.

4. பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில்? பி.எஸ்சி கல்லூரிக்கு 100 படுக்கை கொண்ட தாய் மருத்துவமனை வேண்டும் என்பது கவுன்சில் விதி. கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், வார்டை நேரில் போய்ப் பாருங்கள். நோயாளிகளே இல்லாத வார்டில் நர்ஸிங் கற்க முடியாது.

இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் தராத ஏஜென்ட்டிடம் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.