எல்லாம் படம் பார்க்கிற மாதிரி இருக்கு

(மனசே, மெல்ல! – 11)

மூச்சு தாறுமாறானால் விரல் மரத்துப்போவதும் தலை கிறுகிறுப்பதும் ஏன் என்று போன வாரம் பார்த்துவிட்டோம். இந்த வாரம் தூக்கம் என்று சொல்லியிருந்தேன். நடுவே ஒரு கடிதம் வந்தது. அதைத் தள்ளிவைக்க மனம் வரவில்லை.

எழுதியவர் சேலையூரில் இருக்கும் இளைஞர். கிண்டியில் இரவு ஷிஃப்ட் வேலை. ஒருநாள் காலை ரயிலைவிட்டு இறங்கி, தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலம் ஏறி, கிழக்குப் பக்கம் படியிறங்கும்போது எல்லாம் சட்டென்று தூரப் போய்விட்டது. கூட்டம் கூட்டமாகத்தான் இருந்தது. பூக்கட்டும் அம்மா உட்கார்ந்திருந்தார், ஷேர் ஆட்டோக்காரர் ‘கேம்ப் ரோடு, கேம்ப் ரோடு’ என்று கூவிக்கொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரிந்தது, காதிலும் விழுந்தது. எதுவும் நிஜமாக இல்லை. “கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் மட்டும் நிக்கிற மாதிரி இருந்துச்சு சார். எல்லாம் படம் பாக்குற மாதிரி. என் குரலே யாரோ பேசுற மாதிரி கேட்டுச்சு” என்று எழுதியிருக்கிறார்.

சில நிமிடத்தில் சரியாகிவிட்டது. ஆனால் மறுநாள் வந்தது, அதற்கு மறுநாளும். வீட்டில் சொன்னால், பயந்திருக்கிறான் என்று அம்மா விபூதி மந்திரித்துப் போட்டு, தாயத்தும் கட்டிவிட்டார். மகனுக்கு அதில் கோபம் ஒன்றுமில்லை. அவரை அரிப்பது ஒரே கேள்வி: “எனக்குப் பைத்தியம் பிடிச்சிடுமா சார்?”

பிடிக்காது தம்பி. நீங்கள் சொல்வது பதற்றத்தோடு சேர்ந்து வரும், மருத்துவத்துக்கு நன்றாகத் தெரிந்த ஓர் அனுபவம். சுற்றியிருப்பது நிஜமில்லாததுபோல் தோன்றினால் டீரியலைசேஷன் என்றும், தன் உடம்பும் குரலும் அன்னியமாகத் தோன்றினால் டீபர்சனலைசேஷன் என்றும் சொல்வார்கள். பேனிக் அட்டாக்கின் அறிகுறிகள் என்று மனநல மருத்துவர்கள் வைத்திருக்கும் பட்டியலில், நெஞ்சுப் படபடப்புக்கும் வியர்வைக்கும் பக்கத்திலேயே இதுவும் இருக்கிறது. மனச்சிதைவில் ஒருவர் தனக்குத் தோன்றுவதை உண்மை என்றே நம்பிவிடுவார். இதில் அப்படியில்லை. உலகம் அப்படியேதான் இருக்கிறது, தன் உணர்வில்தான் கோளாறு என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். தெரிவதால்தான் இத்தனை பயம்.

மூளை ஏன் இப்படிச் செய்கிறது? இந்தக் கேள்வியோடு புத்தகங்களைப் புரட்டியபோது கிடைத்த ஒருவர், இந்த வாரம் முழுக்க என்னை விடவில்லை. ஆல்பர்ட் ஹைம். சுவிட்சர்லாந்தின் பெரிய புவியியல் அறிஞர், ஆல்ப்ஸ் மலைகளை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தவர். 1871-ல், இருபத்திரண்டு வயது இருக்கும், சென்டிஸ் என்ற மலையில் பனியில் சறுக்கி, பாறை விளிம்பைத் தாண்டிக் கீழே போய்விட்டார். ஏறக்குறைய 20 மீட்டர், ஐந்தாறு மாடி உயரம். அத்தனை உயரத்திலிருந்து விழ எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு விநாடி, மூன்று விநாடி. அதற்குள் அவர் என்னென்ன நினைத்தார் என்று பாருங்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட வேண்டும், உடைந்தால் சில்லு கண்ணில் குத்தும். கைத்தடியை விட்டுவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா? கீழே போய் நினைவிருந்தால் பையிலிருக்கும் வினிகர் மருந்தை நாக்கில் தடவிக்கொள்ள வேண்டும். இன்னும் ஐந்து நாளில் பல்கலைக்கழகத்தில் முதல் விரிவுரை, அது இனி நடக்காது. வீட்டுக்குச் செய்தி போனால் அவர்கள் எப்படித் தாங்குவார்கள்? பிறகு தன் வாழ்க்கை முழுவதும் தூரத்து மேடையில் நாடகம் நடப்பதுபோல் ஓடியதாம், பார்வையாளராக அவரே உட்கார்ந்திருக்கிறார். வலி இல்லை, பயம் இல்லை. கீழே மோதிய சத்தம் மட்டும் கேட்டது.

பிழைத்தவர் அதோடு விடவில்லை. அப்படி விழுந்து உயிர்தப்பிய மலையேறிகள், கூரையிலிருந்து விழுந்த தொழிலாளிகள், போரில் அடிபட்ட சிப்பாய்கள், ரயில் விபத்தில் மாட்டியவர்கள், தண்ணீரில் மூழ்கப்போனவர்கள் என்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒவ்வொருவரிடமாகக் கேட்டுச் சேகரித்தார். 1892-ல் சுவிஸ் மலையேறிகள் சங்கத்தில் அதைக் கட்டுரையாகப் படித்தார். ஏறக்குறைய எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: பயம் விலகி நின்றது, நேரம் நீண்டது, நடப்பதெல்லாம் வேறு யாருக்கோ நடப்பதுபோல் இருந்தது. எண்பது ஆண்டு கழித்து அந்தக் கட்டுரையை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த அமெரிக்க ஆய்வாளர்கள் ரஸ்ஸல் நோய்ஸும் ராய் கிளெட்டியும், தங்கள் ஊரில் சாவின் விளிம்பைத் தொட்டுத் திரும்பியவர்களிடம் விசாரித்தார்கள். அவர்கள் சொன்னதிலும் முன்னால் நின்றது இந்த நிஜமின்மைதான்.

இதற்கு ஆல்ப்ஸ் வரை போகவேண்டியதும் இல்லை. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்துக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த இரவை நான் விவரிக்க வேண்டியதில்லை. வரதராஜபுரத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, இடுப்பளவுத் தண்ணீரில் மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் மொட்டைமாடிக்கு ஏற்றியவர். “அன்னைக்குப் பயமே இல்ல தம்பி. யாரோ ஒருத்தி ஏத்திக்கிட்டிருக்கா, நான் பாத்துக்கிட்டிருக்கேன்னு இருந்துச்சு. பயமெல்லாம் தை மாசம் வீட்டைக் கழுவும்போதுதான் வந்துச்சு” என்று சொன்னார். சேற்று வாடையோடு சுவரில் படிந்த தண்ணீர்க்கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தவருக்குக் கை நடுங்க ஆரம்பித்து, அன்று முழுக்க நிற்கவே இல்லையாம்.

ஹைமும் அந்த அம்மாவும் சொல்வதைச் சேர்த்துப் பார்த்தால் விஷயம் பிடிபடும். பயம் தாங்கும் அளவைத் தாண்டும்போது, ஆள் செயலிழந்துவிடாமல் இருக்க, மூளை உணர்ச்சியைக் கொஞ்ச நேரம் துண்டித்துவைக்கிறது. அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் மீட்டர் பெட்டியில் டிரிப்பர் விழுகிறதே, அதுதான். மவுரிசியோ சியரா, ஹெர்மன் பெரியோஸ் என்ற இரு மருத்துவர்கள் 1998-ல் இதைக் கோட்பாடாகவே எழுதினார்கள்: மூளையின் முன்பகுதி, உணர்ச்சி மையங்களை அளவுக்கு மேல் அடக்கிவைக்கிறது. பிறகு சியராவும் வேறு சிலரும் சேர்ந்து லண்டனில் சோதித்தும் பார்த்தார்கள். அருவருப்பான படங்களைக் காட்டினால் பதற்றக்காரர்களின் உள்ளங்கை வியர்க்க வேண்டும். எப்போதும் இந்த நிஜமின்மையில் இருப்பவர்களுக்கு அந்த வியர்வை குறைவாகத்தான் வந்தது. ஆக, உணர்ச்சி குறைவது கற்பனை இல்லை, உடம்பிலேயே அளக்க முடிகிறது.

மலையிலும் வெள்ளத்திலும் ஆபத்து வெளியே இருந்தது, போனதும் எல்லாம் திரும்பியது. சேலையூர்த் தம்பிக்கு ஸ்டேஷன் படியில் எந்த ஆபத்தும் இல்லை. தூக்கமில்லாத இரவுகள், மூன்று நான்கு காபி, டீம் லீடரின் அழுத்தம், கடன் தவணை என்று எல்லாம் சேர்ந்து பதற்றம் ஏறியிருந்தது, மூளை துண்டித்துவிட்டது. ஒருமுறை வந்துபோனால் இது பெரிய விஷயமே இல்லை. வாழ்நாளில் ஒரு தடவையாவது இதைத் தொட்டுப்பார்த்தவர்கள் ஏராளம். மாதக்கணக்கில் தங்கி, தனி நோயாகவே ஆகிவிடுவது நூற்றில் ஓரிருவருக்கு.

அந்த ஓரிருவருக்கு ஏன் தங்கிவிடுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது. தம்பியின் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. தினமும் காலையில் அதே படியில் நின்று, “இப்ப நிஜமா இருக்கா?” என்று சோதிக்கிறார். கையைக் கிள்ளிப் பார்க்கிறார். மஞ்சள் பெயர்ப்பலகையில் ‘தாம்பரம்’ என்று மூன்று மொழியிலும் படித்துப் பார்க்கிறார். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். செல்போன் கேமராவைத் தன் பக்கம் திருப்பி, முகம் தன் முகம்தானா என்று பார்க்கிறார். இந்தச் சோதனைதான் உணர்வைத் தங்கவைக்கிறது. இத்தாலியில் ஜொவானி கபூத்தோ என்பவர் 2010-ல், நல்ல ஆரோக்கியமாக இருந்த 50 பேரை மங்கிய வெளிச்சத்தில் 10 நிமிடம் கண்ணாடியில் தங்கள் முகத்தையே பார்க்கச் சொன்னார். மூன்றில் இரண்டு பங்குப் பேர் தங்கள் முகம் விகாரமாக உருமாறியதாகச் சொன்னார்கள். எந்தப் பதற்றமும் இல்லாதவர்களுக்கே அப்படி. ஏற்கெனவே பயந்திருப்பவர் தன் கையை உற்றுப் பார்த்தால் அது யாருடைய கையோ போலத்தான் தெரியும். பயம் கூடும், மூளை இன்னும் அழுத்தித் துண்டிக்கும்.

அந்த லண்டன் குழுவினரும் 2003-ல் இதையே எழுதினார்கள். உணர்வு தானாகக் கெடுதல் செய்வதில்லை, ‘மூளை கெட்டுப்போச்சு, பைத்தியமாகப் போகிறேன்’ என்று அதற்கு நாம் கொடுக்கும் அர்த்தம்தான் சுழலை உண்டாக்குகிறது. சிகிச்சையும் அந்த அர்த்தத்தைத்தான் குறிவைக்கிறது.

இங்கே மதுரையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1896 ஜூலையில் சித்தப்பா வீட்டு மாடியறையில், 16 வயது வேங்கடராமனை, நோய்நொடி ஒன்றும் இல்லாமல் இருந்தபோதே, மரண பயம் திடீரென்று பிடித்தது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. கைகால் நீட்டிப் பிணம்போல் படுத்து, செத்தால் எது சாகிறது என்று அந்தப் பயத்துக்குள்ளேயே போய்ப் பார்த்தார். ஆறு வாரத்தில் திருவண்ணாமலை, பிறகு ரமண மகரிஷி. அதை நோய் என்று நான் சொல்லமாட்டேன், தம்பிக்கு வந்ததை ஞானம் என்றும் சொல்லமாட்டேன். ரிச்சர்ட் கஸ்டில்லோ என்ற மானுடவியலாளர் 1990-ல் தியானம் செய்பவர்களிடம் இதை ஆராய்ந்து, தன்னிலிருந்து தான் விலகி நிற்கும் அனுபவம் ஒருவருக்கு வேதனையாவதும் இன்னொருவருக்கு ஆகாததும் அதற்கு அவர் என்ன பொருள் கொள்கிறார் என்பதைப் பொறுத்தது என்றார். அந்த அளவுக்கு மட்டும் மதுரைச் சம்பவம் எனக்கு உதவுகிறது.

சரி, செய்யவேண்டியது என்ன? உணர்வு வரும்போது, “பதற்றத்தால வர்றது, ஒண்ணும் பண்ணாது, தானாப் போகும்” என்று ஒருமுறை சொல்லிக்கொள்ளுங்கள், போதும். போய்விட்டதா என்று பார்க்காதீர்கள். செய்துகொண்டிருந்த வேலையைத் தொடருங்கள். கவனம் வெளியே போகட்டும்: முகத்தில் குளிர்ந்த தண்ணீர், கால் தரையில் அழுந்துவது, பக்கத்தில் இருப்பவரிடம் நாலு வார்த்தை. ரயிலில் என்றால் ஸ்டேஷன்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். கடற்கரை, கோட்டை, பூங்கா, எழும்பூர், சேத்துப்பட்டு என்று தாம்பரம் வரை 18. பழவந்தாங்கல் முன்னா மீனம்பாக்கம் முன்னா என்று யோசிக்கும்போது உங்களை நீங்கள் சோதிக்க நேரமிருக்காது. மூச்சை மெதுவாக வெளியே விடுவது போன வாரமே சொன்னது. காபியைக் குறையுங்கள். கஞ்சா தொட்டிருந்தால் இன்றோடு விடுங்கள், பலருக்கு இது அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. இரவு முழுக்க இணையத்தில் அறிகுறிகளைத் தேடுவதும் சோதனைதான், அதையும் நிறுத்துங்கள்.

சில நேரம் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நினைவு தப்பினால், கைகால் இழுத்தால், இல்லாத வாசனை வந்தால், குரல்கள் கேட்டால், அல்லது 40 வயதுக்கு மேல் முதன்முதலாக இது வந்தால். வலிப்பும் ஒற்றைத் தலைவலியும்கூட இப்படி முகம் காட்டும். இவை எதுவும் இல்லாமல், வாரக்கணக்கில் விடாமல் இருந்தாலும் போங்கள். இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. அடியில் இருக்கும் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் வைத்தியம் பார்த்தால் பெரும்பாலும் இதுவும் இறங்கிவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, புறநகர்க்காரர்களுக்குச் செங்கல்பட்டு பக்கம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை, தமிழில் பேசலாம். சாகத் தோன்றும் அளவுக்குப் போய்விட்டால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் அதே எண்ணைக் கூப்பிடுங்கள்.

வீட்டிலிருப்பவர்கள் என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்பதும் தூக்கமும் அடுத்த வாரம். தாயத்து கட்டிய அம்மாவுக்கு இப்போதைக்கு ஒன்றே ஒன்று: தாயத்து இருக்கட்டும் அம்மா. “இப்ப எப்படிப்பா இருக்கு?” என்று மணிக்கொருதரம் கேட்காதீர்கள்.