கண்டது ஒரு வரி, நினைத்தது ஒரு வரி

பண்டார் தெங்காராவில் எங்கு திரும்பினாலும் செம்பனைதான். கடல் கண்ணில் படாது. இங்கிருந்துதான் கடற்படைக்குப் போனேன். தஞ்சோங் பெங்கெலியில், கேடி சுல்தான் இஸ்மாயில் கடற்படைத் தளத்தில், பயிற்சி. பிறகு உளவுப் பிரிவு.

மாறுவேடம் எல்லாம் கிடையாது. திரை, குறிப்பேடு, நீண்ட இரவு. அனைத்துலகப் பயணம் போகும் மொத்த டன்னேஜ் 300 அல்லது அதற்கு மேல் உள்ள கப்பல்கள் ஏஐஎஸ் கருவியில் தம் பெயர், வேகம், திசையை அறிவித்தபடி போக வேண்டும். ராடாரில் புள்ளி இருந்து, பெயர் வராவிட்டால் நிமிர்ந்து உட்காருவோம். கருவி பழுதா, சிறு மீன்பிடிப் படகா, கடத்தலா? மலாக்கா நீரிணையில் மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ரோந்துக்கும் இத்தகைய தகவல்தான் கண்.

புதிதில், பெயர் வராத ஒரு புள்ளியைக் ‘கடத்தல் படகு’ என்று எழுதிவிட்டேன். எங்கள் பிரிவின் மூத்த பிந்தாரா, அதாவது சார்நிலை அதிகாரி, தாளைத் திருப்பித் தந்தார்.

“தம்பி, நீ பார்த்தது படகு. கடத்தல்னு நீ நினைச்ச. ரெண்டையும் தனித்தனி வரியில எழுது.”

அப்பா தோட்டத்தில் கிராணி. மரத்தில் தொங்கும் குலையைக் கணக்கில் சேர்க்கவே மாட்டார். வெட்டிப் போட்டதை மட்டும் எண்ணுவார். அதே நேர்மைதான் இந்த வேலையின் உயிர். தப்பான ஒரு சொல்லை நம்பி ரோந்துப் படகு இருட்டில் கிளம்பும்.

விடுப்பில் வந்தால் அம்மா கேட்பார், “அங்க என்னப்பா வேலை?”

“கப்பல் எண்றேம்மா.”