பட்ஜெட் பணம் பத்தலையா? சட்டசபையைக் கேள்!

விருதுநகர்:
தீபாவளிச் சரக்கு எடுக்கப் பணம் பத்தலை என்றால் சிவகாசிக் கடைக்காரர் கைமாற்று வாங்குவார். வீட்டுக்கு அப்புறம் சொல்வார். சர்க்கார் அப்படிச் செய்ய முடியுமா? முடியாது! பட்ஜெட்டுக்கு மேல் ஒரு ரூபாய் செலவானாலும் சட்டசபை அனுமதி வேண்டும்.

2024 டிசம்பர் 9-ந்தேதி அதுதான் நடந்தது. அப்போதைய நிதி அமைச்சர் தங்கம் தென்னரசு, நம்ம மாவட்டத்துத் திருச்சுழித் தொகுதிக்காரர், ரூ.3,531 கோடிக்குத் துணை பட்ஜெட்டைச் சபையில் வைத்தார்.

வழி என்ன?

அரசியல் சட்டத்தின் 205-வது பிரிவுதான் வழி. இலாகாக்கள் கேட்பதை நிதித்துறை சலித்துப் பட்டியல் போடும். கவர்னர் சிபாரிசோடு அது மானியக் கோரிக்கையாகச் சபைக்கு வரும். ஓட்டெடுப்பில் நிறைவேறியதும் நிதி ஒதுக்க மசோதா. மேல்சபை 1986-லேயே ஒழிந்ததால் ஒரே சபையோடு வேலை முடிந்தது. கவர்னர் கையெழுத்துப் போட்டால் கஜானா திறக்கும்.

வெள்ளமும் விபத்தும் சபை கூடும்வரை காத்திருக்குமா? அதற்குத்தான் எதிர்பாராச் செலவு நிதி. முன்பணம் எடுக்கலாம், பிறகு சபை அனுமதி வாங்கி, எடுத்ததைத் திருப்பி வைத்தாக வேண்டும்.

நமக்கு என்ன?

"இதிலே நமக்கு என்ன?" என்று டீக்கடையில் கேட்கலாம். இருக்கிறது! பட்டியலில் உள்ள இனங்களைப் பற்றித்தான் விவாதம். தீக்காய வார்டுக்கோ, பட்டாசு ஆலைச் சோதனைக்கோ கூடுதல் பணம் வேண்டுமானால், அது பட்டியலில் ஏற வேண்டும். குரல் ஓட்டு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

ஆகவே எம்.எல்.ஏ.வைக் கேட்பதாக இருந்தால் பட்டியல் அச்சேறும் முன்பே கேளுங்கள். வெடித்த பிறகு திரியைக் கிள்ளி என்ன பயன்?