நரியைச் சுட எந்தத் துப்பாக்கி? புதுச்சேரியில் இந்தக் கேள்விக்கு என்ன பதில்?

எதிர்பாராமல் நல்லது நடந்தால் "இன்னிக்கு நரி முகத்துல முழிச்சியா?" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். ஆனால், விடியற்காலையில் பட்டியைத் திறந்து, ஆட்டுக்குட்டியைக் காணோம் என்று தேடுபவருக்கு நரி அதிர்ஷ்டமாகத் தெரியாது. அந்தக் கோபத்தோடு செல்போனைத் திறந்தால், அமெரிக்காவில் கொயோட்டி என்ற நரி இன விலங்கைச் சுடும் வீடியோக்கள் வரிசையாக வருகின்றன. முதன்முதலாக வேட்டைக்குப் போகிறவர் எந்தத் துப்பாக்கி வாங்க வேண்டும், எந்தத் தோட்டா போட வேண்டும் என்று அவற்றில் பாடமே நடத்துகிறார்கள்.

"நம்மூர்லயும் ஒண்ணு வாங்கினா என்ன?" என்று தோன்றலாம். அப்படி இறங்கினால், புதுச்சேரியில் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறைத் தண்டனை காத்திருக்கிறது. அமெரிக்காவில் வார இறுதிப் பொழுதுபோக்காக இருப்பது இங்கே ஏன் கடும் குற்றம்? லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவருக்கும் இது பொருந்துமா? ஏர்கன் என்றால் பரவாயில்லையா?

கொயோட்டியும் நம்ம ஊர் நரியும் ஒன்றா?

இரண்டும் நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் வேறு வேறு இனங்கள். கொயோட்டி வட அமெரிக்காவில் மட்டுமே வாழ்வது. பெரும்பாலும் 9 முதல் 20 கிலோ வரை எடை இருக்கும். காட்டிலிருந்து பெருநகரங்கள் வரை பரவிவிட்டது. பல மாநிலங்களில் ஆண்டு முழுவதும் அதைச் சுட அனுமதி உண்டு.

நம் ஊரில் நரி, குள்ளநரி என்று சொல்லப்படுவது பெரும்பாலும் பொன்னிற நரி. எடை 10 கிலோவை ஒட்டியே இருக்கும். ஆரோவில் காடுகளிலும், அதை ஒட்டிய காலாப்பட்டுப் பகுதியிலும் இன்றும் அதன் ஊளையைக் கேட்கலாம். எலி, நண்டு, பழம், செத்த விலங்கு என எது கிடைத்தாலும் தின்னும். நெல் வயலில் எலியைப் பிடிப்பதால் விவசாயிக்கு அதனால் லாபமும் உண்டு. காவல் இல்லாத கோழியும் குட்டி ஆடும் எளிதாகக் கிடைத்தால் அதையும் விடாது.

அமெரிக்காவில் என்ன துப்பாக்கி சொல்கிறார்கள்?

புதியவர்களுக்கு அங்கே அதிகம் பரிந்துரைக்கப்படுவது .223 ரெமிங்டன் தோட்டா போடும் ரைபிள். .223 என்பது குண்டின் விட்டத்தை அங்குலத்தில் குறிக்கும் எண். குண்டின் எடை வெறும் 3.6 கிராம்தான். ஆனால் குழலை விட்டு வெளியேறும்போது அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 980 மீட்டர். குண்டு சிறியது, வேகம் அதிகம், தோளில் உதைப்பு குறைவு. புதியவர் கைக்கு இது பழக எளிது என்பதுதான் காரணம்.

இன்னும் தூரம் வேண்டும் என்பவர்கள் .22-250 ரெமிங்டன் எடுப்பார்கள். காற்று பலமாக வீசும் வெட்டவெளியில் சற்றுக் கனமான குண்டு போடும் .243 வின்செஸ்டர். புதர் நெருங்கிய இடத்தில், 35, 40 மீட்டருக்குள் என்றால் பெரிய ரவை போட்ட 12 போர் துப்பாக்கி. முயலுக்குப் பயன்படும் சாதாரண .22 தோட்டா கொயோட்டிக்குப் போதாது. காயத்தோடு ஓடி, நாள்கணக்கில் துடித்துச் சாகும் என்று அனுபவசாலிகள் எச்சரிக்கிறார்கள். மாநிலத்துக்கு ஏற்ப வேட்டை உரிமம், பாதுகாப்புப் பயிற்சி என்று அங்கேயும் விதிகள் உண்டு.

இதில் எல்லாவற்றுக்கும் அடிப்படையாக அவர்கள் சொல்லும் விதி ஒன்று: இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விசையை அழுத்தாதே. மண்மேடோ குன்றோ பின்னால் இருக்க வேண்டும். ஏனென்றால் தவறிய .223 குண்டு 3 கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழக்கூடியது.

இதைப் புதுச்சேரிக்குப் பொருத்திப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி மாவட்டத்தின் பரப்பு சுமார் 294 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ 9.5 லட்சம். சதுர கிலோமீட்டருக்கு 3,200 பேருக்கு மேல். தரையோ பெரும்பாலும் சமதளம். எந்தத் திசையில் சுட்டாலும் 3 கிலோமீட்டருக்குள் ஒரு தெரு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு நடவு வயல் இருந்தே தீரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் கொண்டுவரப்பட்டது. அதில் 2022-ல் செய்யப்பட்ட பெரிய திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை இரண்டாம் அட்டவணையில் இருந்த நரி, இந்தத் திருத்தத்தில் முதல் அட்டவணைக்கு உயர்த்தப்பட்டது. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை.

முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. 'வேட்டை' என்றால் கொல்வது மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிடிப்பது, கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, இரை காட்டி இழுப்பது, அதற்கு முயற்சி செய்வது எல்லாமே சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். சுட்டுக் குறி தவறினாலும் குற்றம்.

"ஆளுக்கே ஆபத்துன்னா?" என்று கேட்கலாம். தன்னையோ இன்னொரு மனிதரையோ காப்பாற்ற, நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொல்ல நேர்ந்தால் அது குற்றமாகாது. ஆட்டையும் கோழியையும் காப்பாற்றுவது இந்த விலக்கில் வராது. மனித உயிருக்கு ஆபத்தாகவோ, மீள முடியாத நோயோடோ இருக்கும் விலங்கைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் மட்டுமே இருக்கிறது.

லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால் சுடலாமா?

பலர் குழம்பும் இடம் இதுதான். துப்பாக்கி வைத்திருக்க அனுமதி தருவது 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம். விலங்கைச் சுடலாமா கூடாதா என்று முடிவு செய்வது வன உயிரினச் சட்டம். முதலாவது கையில் இருப்பதால் இரண்டாவது தானாகக் கிடைத்துவிடாது.

ஆயுதச் சட்டத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று தனி உரிமம் உண்டு. அதற்கு முதலில் தரப்படுவது, குழல் வாய் வழியாக மருந்தும் ரவையும் கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கி. அது போதாது என்று அதிகாரி கருதினால், உள்பக்கம் வழவழப்பான குழல் கொண்ட வேறு துப்பாக்கிக்கு அனுமதி தரலாம். அதன் குழல் 20 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. வீடியோவில் வரும் தானாக மறுதோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைபிள்கள் இந்தியாவில் தடை செய்யப்பட்ட வகை. சாதாரண ஆள் விண்ணப்பித்து வாங்க முடியாது.

உரிமம் பெற 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மாவட்ட நிர்வாகத்திடம் விண்ணப்பம், போலீஸ் விசாரணை, ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று என்று படிகள் உள்ளன. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக 2 துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமத்தின் காலம் 5 ஆண்டு. எத்தனை தோட்டா வாங்கலாம், எந்த எல்லைக்குள் எடுத்துச் செல்லலாம் என்பதும் உரிமத்திலேயே இருக்கும்.

கடைசியாகச் சொன்னது புதுச்சேரிக்காரர்களுக்கு ரொம்ப முக்கியம். பிரெஞ்சு ஆட்சிக்கால எல்லைகள் அப்படியே தொடர்வதால், புதுச்சேரிப் பகுதிகள் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கு இடையே துண்டு துண்டாகக் கிடக்கின்றன. வரப்பு தாண்டினால் தமிழ்நாடு, அடுத்த வரப்பு தாண்டினால் மறுபடி புதுச்சேரி. புதுச்சேரிக்கு மட்டும் செல்லும் உரிமத்தோடு பைக்கில் துப்பாக்கியை எடுத்துப் போகிறவர், தனக்கே தெரியாமல் எல்லை தாண்டிவிடலாம்.

உரிமத் துப்பாக்கியால் வன உயிரினக் குற்றம் செய்து தண்டனை பெற்றால், உரிமத்தை ரத்து செய்து, 5 ஆண்டுகளுக்குப் புதிய உரிமம் கிடைக்காதபடி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

ஏர்கன்னுக்குத்தான் லைசென்ஸ் வேண்டாமே?

4.5 மில்லிமீட்டர் குண்டு போடும், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் கொண்ட ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் அதை வைத்து நரியையோ, ஊசுட்டேரியில் இறங்கும் பறவையையோ குறிவைத்தால் வேட்டைக் குற்றம் அப்படியே பொருந்தும். கருவிக்கு உரிமம் தேவையில்லை என்பதால் செயலுக்கு விலக்கு கிடைக்காது.

தவிர, .223 தோட்டாவின் ஆற்றல் ஏறத்தாழ 1,700 ஜூல். 20 ஜூல் ஏர்கன்னால் நரியைச் சாகடிக்க முடியாது, நொண்டியாக்கத்தான் முடியும். அடிபட்ட விலங்கு ஓடி இரை பிடிக்க முடியாமல், கட்டிப்போட்ட ஆட்டையே தேடி வரும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

காட்டுப்பன்றியைச் சுடலாம் என்கிறார்களே?

தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த முடிவு அது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை காட்டுப்பன்றியைச் சுட அனுமதியில்லை. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை நாசம் செய்தால் வனத்துறையினர் சுடலாம். சுடுவது வனத்துறை, விவசாயி அல்ல. காட்டுப்பன்றி இருப்பது இரண்டாம் அட்டவணையில். நரிக்கு இந்த வழி கிடையாது.

பிரான்சில் இருக்கும் உறவினர் சுடுகிறாரே?

சொல்தா குடும்பங்கள் நிறைந்த புதுச்சேரியில் இந்தக் கேள்வியும் வரும். பிரான்சில் செந்நரியைச் சுட அனுமதி உண்டு. அதற்கு எழுத்து, செய்முறை இரண்டும் கொண்ட தேர்வில் தேறி வேட்டை உரிமம் வாங்க வேண்டும். ஒவ்வொரு பருவத்துக்கும் அதைப் புதுப்பிக்க வேண்டும். அந்த உரிமம் அந்த மண்ணோடு சரி. விடுமுறைக்கு வரும் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரருக்கும் இங்கே இந்தியச் சட்டம்தான்.

துப்பாக்கி இல்லாமல் செய்வதும் குற்றமா?

ஆம். 2020 ஜூனில் திருச்சி ஜீயபுரம் அருகே இறைச்சிக்குள் நாட்டு வெடி வைத்து நரியைக் கொன்றதாக 12 பேர் கைதானார்கள். சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்தில் பொங்கலை ஒட்டி 'வங்காநரி ஜல்லிக்கட்டு' என்று நரியைப் பிடித்து வந்து ஓடவிடுவது பழைய வழக்கம். வனத்துறை அதற்கும் அபராதம் விதித்திருக்கிறது. அதிர்ஷ்டம் தரும் என்று 'நரிக்கொம்பு' விற்பதும் வாங்குவதும் ஆபத்து. நரிக்குக் கொம்பு முளைப்பதில்லை. நரியின் உடல் உறுப்பாக இருந்தால் சட்ட விரோதம், இல்லையென்றால் ஏமாற்று.

விஷம் வைத்தால் நரியோடு முடியாது. செத்த நரியைத் தின்னும் தெருநாயும், கீரியும், பருந்தும், காக்கையும் சேர்ந்து சாகும்.

அப்போ ஆட்டுக்குட்டியை எப்படிக் காப்பாற்றுவது?

நரி பெரும்பாலும் இரவிலும் விடியலுக்கு முன்னும்தான் வரும். அந்த நேரத்தில் குட்டிகள் மூடிய பட்டிக்குள் இருந்தால் பாதிக் கவலை தீரும். பக்கவாட்டில் வலை அடித்தால் மட்டும் போதாது. நரி மண்ணைத் தோண்டி உள்ளே நுழையும். வலையின் அடிப்பகுதியை ஓரடி ஆழம் புதைக்க வேண்டும், அல்லது கல் அடுக்கிக் கட்ட வேண்டும். கோழிக்கூண்டுக்கு மேல்மூடியும் தாழ்ப்பாளும் அவசியம்.

செத்த கோழி, இறைச்சிக் கழிவு, ஆடு ஈன்ற பிறகு விழும் நஞ்சுக்கொடி ஆகியவற்றை வேலியோரம் வீசுவது நரிக்கு வைக்கும் விருந்து. ஆழமாகப் புதைத்துவிட வேண்டும். பட்டியருகே விளக்கும், தடுப்பூசி போட்ட காவல் நாயும் உதவும். குட்டியைத் தூக்கியது நரியா தெருநாயா என்பதையும் பார்க்க வேண்டும். பல நேரம் பழி நரி மேல் விழுந்தாலும், கடித்தது நாய்க்கூட்டமாக இருக்கும். காலடித் தடத்தையும் காயத்தையும் படம் எடுத்து வனத்துறையிடம் காட்டிக் கேட்கலாம்.

நரி பகலில் தயங்காமல் ஊருக்குள் வந்தாலோ, தள்ளாடினாலோ, ஆளைத் துரத்தினாலோ வெறிநோயாக இருக்கலாம். கம்பெடுத்துத் துரத்தாமல், பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். கடித்தாலோ பிராண்டினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

துப்பாக்கி சுடுவதிலேயே ஆர்வம் என்றால்?

அதற்கு வழி இருக்கிறது. ஒலிம்பிக்கில் உள்ள 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டிக்கான பயிற்சி 4.5 மில்லிமீட்டர் குண்டில்தான் தொடங்குகிறது. தேசிய மாணவர் படையில் சேரும் மாணவர்கள் .22 ரைபிளில் பயிற்சி பெறுகிறார்கள். மூச்சைப் பிடிப்பது, விசையை மெதுவாக இழுப்பது, இலக்குக்குப் பின்னால் பார்ப்பது என்று வீடியோவில் பார்த்த பாடங்களை எல்லாம் அங்கே பயிற்சியாளர் முன்னிலையில், காகித இலக்கில் கற்றுக்கொள்ளலாம்.