வடிகாலின் அளவை எப்படி முடிவு செய்கிறார்கள்?

எந்த மழைநீர் வடிகாலும் எல்லா மழைக்கும் கட்டப்படுவதில்லை. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வழிந்தால் பரவாயில்லை என்று கையேடு சொல்கிறதோ, அந்த மழைக்குத்தான் பொறியாளர் கணக்குப் போடுவார். 1993-இல் வந்த மத்திய அரசின் கையேட்டின்படி, புறநகர்க் குடியிருப்புகளில் ஆண்டுக்கு இரண்டு முறை வழியலாம்! 2019 கையேடு வரம்பை இறுக்கி, பெருநகரங்களின் மையப் பகுதியில் ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் வழியலாம் என்றது.

ஏன் இறுக்க வேண்டும்? ஒரு ஹெக்டேரில் 50 மி.மீ. மழை பெய்தால் 5 லட்சம் லிட்டர் நீர். செடியும் மண்ணுமான இடமென்றால் பெரும்பகுதி உள்ளே இறங்கிவிடும். தாரும் சிமெண்டும் மூடிய இடத்தில் பத்தில் ஒன்பது பங்கு அப்படியே வடிகாலுக்கு ஓடிவரும். போதாததற்கு, காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7% கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். அதனால் மழை கொட்டும்போது அடர்ந்து கொட்டும். பழைய மழைப்பதிவை வைத்துப் போட்ட கணக்கு இதற்குப் போதாது.

சாலை விதியும் சேர்ந்தே மாறவேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால் சாலை உயர்ந்து, வீட்டு வாசல் பள்ளமாகி, மழைநீர் வடிகாலுக்குப் போகாமல் அங்கே தேங்கும். சுரண்டச் சொல்லித் தமிழ்நாட்டில் உத்தரவு இருக்கிறது. ஆனால் வேலை முடிந்ததும் யாராவது மட்டம் பார்த்து அளக்கிறார்களா? பில் பாஸாகும் முன் அதை அளந்தே ஆகவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதலாம்.