ஒட்டிய காலம் – 7: அகதிகளுக்காக ஐந்து பைசா

திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் உள்ள வேங்கிக்காலுக்குக் குடிவந்தபோது பழைய வீட்டுப் பரணிலிருந்து அப்பாவின் கடிதக் கம்பியை இறக்கினேன். அடியில் மரவட்டு, மேலே கொக்கி. வந்த கடிதத்தைப் படித்த கையோடு அதில் குத்திவிடுவார். கம்பியின் நடுவாக்கில், 1971 டிசம்பரில் திருவண்ணாமலையிலிருந்து பெரியப்பா போட்ட ஒரு கவர் இருந்தது. அதில் இரண்டு தபால்தலைகள்.

ஒன்று ரமண மகரிஷி தலை, 20 பைசா. அவர் சித்தியடைந்த ஏப்ரல் 14 அன்று, அந்த ஆண்டில்தான் வெளியானது. உள்ளூர்க்காரர் என்பதால் பெரியப்பா கேட்டு வாங்கி ஒட்டியிருப்பார். அதை ஒட்டினாற்போல் இருந்த 5 பைசாத் தலை கேட்டு வாங்கியதல்ல. அதை ஒட்டாமல் அன்றைக்குக் கவரைப் பெட்டியில் போட முடியாது.

1971 மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் தொடங்கிய வேட்டைக்குப் பிறகு, கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்தார்கள். மேற்கு வங்கத்திலும் திரிபுராவிலும் முகாம்கள் நிரம்பி வழிந்தன. அத்தனை பேருக்கும் சோறு போட வேண்டும். அதற்கான வழிகளில் ஒன்றாக, நவம்பர் 15 முதல் ஒவ்வொரு தபாலுக்கும் 5 பைசா கூடுதல் வரி போட்டது மத்திய அரசு.

புதுத் தலை அச்சிட அவகாசம் இல்லை. கையிருப்பில் இருந்த 5 பைசா குடும்பக் கட்டுப்பாட்டுத் தலையை எடுத்து, அதன்மேலேயே ‘அகதி நிவாரணம்’ என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்தார்கள். அதுவும் எல்லா ஊருக்கும் எட்டவில்லை. பெங்களூர், ஜெய்ப்பூர் போன்ற இடங்களில் உள்ளூரிலேயே முத்திரை செய்து குத்தினார்கள். எழுத்து சாய்ந்தும் மை கலங்கியும் இருக்கும் அந்தத் தலைகளைத்தான் இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறோம். அவசரத்தில் விழுந்த அந்தக் கோணல் எழுத்தில் அன்றைய பதற்றம் அப்படியே இருக்கிறது. இதற்கென்றே வரைந்த தனித்தலை டிசம்பர் 1 அன்று வந்தது. பெரியப்பா ஒட்டியிருப்பது அதுதான். இரண்டே நாளில் போர் மூண்டது. 16ஆம் தேதி முடிந்தது. அகதிகளில் பெரும்பாலோர் அடுத்த சில மாதங்களில் ஊர் திரும்பினார்கள். வரி மட்டும் 1973 மார்ச் 31 வரை நீடித்தது.

இதில் என் மனத்தைத் தொட்ட விஷயம் ஒன்று உண்டு. செய்தித்தாளுக்கும் அஞ்சலட்டைக்கும் இந்த வரி கிடையாது. பத்துப் பைசாக் கார்டில் ஊருக்கு நாலு வரி எழுதுகிறவரிடம் இன்னும் ஐந்து பைசா கேட்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

என் ஆல்பத்தில் அந்தக் கவருக்கு எதிர்ப்பக்கத்தில் வங்கதேசத்தின் முதல் வரிசைத் தலைகள் எட்டும் இருக்கின்றன. நாடு முழுதாகப் பிறப்பதற்கு முன்பே, 1971 ஜூலை 29 அன்று வெளியிட்டவை. லண்டனில் வாழ்ந்த பிமான் மல்லிக் வரைந்தார். அதில் 20 பைசாத் தலை டாக்கா பல்கலைக்கழகப் படுகொலைக்கானது. மாணவர்களும் ஆசிரியர்களும் கொல்லப்பட்டு நான்கே மாதத்தில் அவர்களுக்காக ஒரு தலை வந்துவிட்டது.

நம் ஊர்க் கணக்கு வேறு. ஜாலியன்வாலா பாகில் மக்கள் சுடப்பட்டது 1919இல். அரசுக் கணக்கே 379 உயிர் என்றது. அவர்களுக்குத் தலை வந்தது 1969 ஏப்ரல் 13 அன்று, ஐம்பது வருஷம் கழித்து. இங்கிருந்து 80 கிலோமீட்டர் சொச்சம் தொலைவில் இருக்கும் வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து, பிடிபட்டவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளினான். அவர்களுக்கான தலை 2006 ஜூலை 10 அன்று வந்தது. 200 வருஷம்! நினைவுகூர்ந்ததே பெரிது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இறந்தவனின் பேரனுக்குப் பேரனும் போன பிறகு ஒட்டும் தலை சரித்திரப் பாடம், அஞ்சலி ஆகாது.

அமெரிக்காவில் 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு அடுத்த ஜூனிலேயே 45 சென்ட் தலை போட்டார்கள். அதில் தபால் கட்டணம் போக மிச்சம், மீட்புப் பணியில் இறந்தவர்கள், முடமானவர்கள் குடும்பங்களுக்குப் போனது. விருப்பப்பட்டவர்கள் வாங்கினார்கள். நல்ல காரியம்தான். ஆனால், வாங்கியவர் வாங்காதவர் என்ற பேதமே இல்லாமல் கவர் ஒட்டிய ஒவ்வொருவரும் பங்கு கொடுத்த நம் 5 பைசாவுக்கு நான் ஒரு படி மேலே இடம் கொடுப்பேன்.

இதையெல்லாம் எழுதும் மேசைக்கு எதிரே ஜன்னலில் மலை தெரிகிறது. 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழையில் அந்த மலையின் மண்ணும் பாறையும் சரிந்து, அடிவாரத்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் இறந்தார்கள். ஐவர் குழந்தைகள். அவர்களுக்காக என் ஆல்பத்தில் ஒட்ட எனக்குத் தலை எதுவும் இல்லை. அதனால் அதற்கடுத்த டிசம்பர் 1 அன்று, ஐம்பது பைசாக் கார்டில் ‘ஏழு பேர், ஐந்து குழந்தைகள், மலைச்சரிவு’ என்று மட்டும் எழுதி, என் விலாசத்துக்கே தபாலில் போட்டேன். வந்து சேர்ந்த கார்டில் தேதி முத்திரை தெளிவாக விழுந்திருந்தது. அகதித் தலை இருக்கும் கவருக்கு அடுத்த பக்கத்தில் அதை வைத்திருக்கிறேன்.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் 1971 நவம்பருக்கும் 1973 மார்ச்சுக்கும் இடையே வந்த கவர் இருக்கலாம். அதில் ஓரமாக ஒரு 5 பைசாத் தலை இருந்தால் கத்தரித்து எடுக்காதீர்கள், தண்ணீரில் ஊறவைத்து உரிக்காதீர்கள். எந்த ஊரிலிருந்து, எந்தத் தேதியில், யார் யாருக்கு எழுதும்போது அந்த ஐந்து பைசாவைக் கொடுத்தார் என்பது முழுக் கவரில்தான் இருக்கிறது. கவரை அப்படியே வையுங்கள்.