மார்பகக் கட்டியும் ஒலியலைப் பரிசோதனையும்

மணப்பாட்டுக் கடற்கரை அங்கத்தினர்களுக்கு எதிரொலிக் கருவியைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. படகிலிருந்து நீருக்குள் ஒலியைச் செலுத்தி, அது மோதித் திரும்புவதைக் கொண்டு ஆழத்தையும் மீன் திரளையும் அறிவதே அதன் வேலை. மார்பகத்தினுள் இருக்கும் கட்டியை மருத்துவர்கள் காண்பதும் ஏறக்குறைய இம்முறையிலேதான். செவிக்கெட்டாத ஒலியலை உடலினுட் சென்று எதிரொலிக்க, அது திரையிலே படமாகிறது. 'ஸ்கேன்' என நாம் வழங்குவது இதனையே.

அமெரிக்காவில் ஜான் வைல்டு என்னும் மருத்துவரும் ஜான் ரீடு என்னும் பொறியியலாளரும் 1952-ஆம் ஆண்டிலேயே இம்முறையால் மார்பகக் கட்டிகளை ஆராய்ந்தனர். நீர் கோத்த கட்டி எது, திண்ணிய கட்டி எது என்பதை இன்றைய கருவி தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. புற்றுக்கட்டி பெரும்பாலும் இறுகியிருக்கும். அவ்விறுக்கத்தையும் படமாக்கும் முறையை 1991-இல் ஜோனதன் ஓஃபிர் குழுவினர் வெளியிட்டனர்.

இளவயதுப் பெண்களின் மார்பகம் அடர்த்தியானது. எக்ஸ்ரே முறையான மாமோகிராமில் அவ்வடர்த்தியும் வெண்மையாகவே தெரியும். கட்டியும் வெண்மையாகவே தெரியும். எனவே கட்டி மறைந்துவிடுவதுண்டு. ஜப்பானில் 40 முதல் 49 வயது வரையுள்ள சுமார் 73,000 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2016-இல் வெளியாயிற்று. மாமோகிராம் மட்டும் செய்தபோது 100 புற்றுகளில் 77 அகப்பட்டன. ஒலியலைப் பரிசோதனையையும் சேர்த்தபோது 91 அகப்பட்டன. ஆயினும் நோயில்லாதவரையும் ஐயுறச் செய்யும் குறை சற்று மிகுந்தது. ஆதலால் ஐயமுள்ள கட்டியில் ஊசியால் சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்தே முடிவு கூறுவர்.

கருவி எத்துணை திருந்தினும், காலந்தாழ்த்தி வருவோருக்கு அதனால் பயன் குறைவே. ஓலை முடைபவரும் தறியில் அமர்பவரும் நாணத்தாலும், ஒருநாட் கூலி போய்விடுமென்ற கவலையாலும், வலியில்லாத கட்டிதானே என்று மாதக்கணக்கில் மறைத்து வைக்கின்றனர். தொடக்கத்தில் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதை அவர்கள் அறிதல் வேண்டும்.

மும்பையில் 1998-இல் தொடங்கிய ஆய்வொன்றில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் ஈராண்டுக்கொருமுறை கையாலேயே பரிசோதித்தனர். அதனால் 50 வயதுக்கு மேற்பட்டோரிடை இந்நோய்ச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்ததென 2021-இல் அறிவிக்கப்பட்டது. முதலில் கைப்பரிசோதனை, ஐயமெனில் ஸ்கேன் என்ற ஒழுங்கு நம்மூருக்கும் ஏற்றதே.

சங்கங்கள் செய்யத்தக்கது அரியதன்று. மகளிர் அங்கத்தினர் கூடும் நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரை அழைக்கலாம். ஐயமுள்ளவரைத் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லத் துணை ஒருவரை அனுப்பலாம். துணைவிதிகள் இடந்தருமாயின், பொதுநல நிதியிலிருந்து பயணச் செலவும் வழங்கலாம். கடனைத் தவணையிற் செலுத்தும்படி வற்புறுத்தும் நாம், அங்கத்தினரின் உயிருக்கும் தவணை தவறாதிருக்கப் பார்த்துக்கொள்வது கடமையன்றோ?